எந்தச் சோதனை என்று கேட்கும் முன்: மாறியின் வகையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதுகுவலிக்கு மூன்று பயிற்சி முறைகளை ஒப்பிட்டுத் தரவு சேகரித்திருக்கிறீர்கள். கோப்பில் பாலினம் 1, 2 என்று இருக்கிறது. பயிற்சி முறை 1, 2, 3 என்று இருக்கிறது. வலி 0 முதல் 10 வரை, தொடக்கத்தில் ஒருமுறையும் எட்டு வாரம் கழித்து ஒருமுறையும் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது. திருப்தி 1 முதல் 5 வரை. அப்புறம் எட்டு வாரத்தில் எடுத்த வலிமாத்திரைகளின் எண்ணிக்கை, வேலைக்குத் திரும்ப ஆன நாட்கள். இவற்றில் எது எந்த வகை மாறி, எதற்கு எந்தப் புள்ளியியல் சோதனை என்று கேட்கிறீர்கள்.

எல்லாமே எண்களாக இருப்பதால்தான் குழப்பம். கோப்பை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மாறியின் வகை அதில் தெரியாது. 2 என்ற எண் ஒரு பெயராக இருக்கலாம், ஒரு படிநிலையாக இருக்கலாம், எண்ணிப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். அந்த 2 எப்படி அங்கே வந்தது, எழுதியவர் என்ன செய்துவிட்டு அதை எழுதினார் என்பதைக் கேட்டால்தான் வகை தெரியும். அதனால் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு மாறிக்கும் எதிரே 'இது எப்படி அளக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பாடப்புத்தகங்களில் வரும் நான்கு வகைப் பட்டியல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. நாமினல் என்றால் வெறும் பெயர். ரத்த வகை போல. ஆர்டினல் என்றால் வரிசை உண்டு, ஆனால் படிக்குப் படி தூரம் சமம் என்று சொல்ல முடியாது. நோயின் நிலை ஒன்று, இரண்டு, மூன்று என்பது போல. இன்டர்வெல் என்றால் தூரம் சமம், ஆனால் பூஜ்ஜியம் நாமாக வைத்துக்கொண்டது. செல்சியஸ் வெப்பநிலை போல. ரேஷியோ என்றால் பூஜ்ஜியம் உண்மையிலேயே ஒன்றுமில்லாத நிலை. எடை, உயரம் போல. 20 டிகிரி செல்சியஸ் என்பது 10 டிகிரியைவிட இரண்டு மடங்கு சூடு அல்ல. கெல்வினில் பார்த்தால் ஒன்று 293, மற்றது 283. வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை சதவீதம்தான்.

மாணவர்கள் இன்டர்வெல்லா ரேஷியோவா என்று நிறைய நேரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது தேவையே இல்லை. டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது), அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது), ரிக்ரஷன் (ஒரு மாறி மற்றவற்றைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று பார்ப்பது) மூன்றும் தூரம் சமமா என்று மட்டும்தான் பார்க்கும். பூஜ்ஜியம் உண்மையானதா என்று கேட்காது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள்கூட இரண்டையும் சேர்த்து ஸ்கேல் என்ற ஒரே பெயரில்தான் வைத்திருக்கிறது. 'இவ்வளவு சதவீதம் குறைந்தது' என்று எழுதப்போகிறீர்கள், அல்லது மடக்கை எடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் ரேஷியோவா என்று பாருங்கள்.

ஆனால் அந்த நான்கு வகைப் பட்டியல் வேறொரு விஷயத்தில் போதாது. எண்ணிக்கை, பத்துக்கு எத்தனை என்ற விகிதம், இன்னும் முடியாத காலம், வட்டமாகச் சுற்றிவரும் நேரம், திசை ஆகியவற்றைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்வதில்லை. நடைமுறையில் சோதனையைத் தீர்மானிப்பது பல நேரம் இவைதான். உங்கள் கோப்பிலேயே இப்படி இரண்டு மாறிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வகையைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். 'பயிற்சி முறையைப் பொறுத்து திருப்தி மாறுகிறதா?' இந்த வாக்கியத்தில் மாறுவது எது? திருப்தி. அதுதான் விளைவு மாறி. எதைப் பொறுத்து? பயிற்சி முறை. அது விளக்க மாறி. சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் விளைவு மாறியின் வகையைப் பார்க்க வேண்டும், அதற்கு அடுத்துதான் விளக்க மாறி. பலர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு 'ஒன்று வகை மாறி, ஒன்று எண் மாறி, எனவே டி-டெஸ்ட்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வயதும் புகைபிடிப்பதும் இருந்தால், 'புகைபிடிப்பவர்களின் சராசரி வயது வேறா?' என்பது ஒரு கேள்வி. அதில் வயது விளைவு, டி-டெஸ்ட் பொருந்தும். 'வயது ஏறஏற புகைபிடிக்கும் வாய்ப்பு மாறுகிறதா?' என்பது வேறு கேள்வி. அதில் விளைவு ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு கொண்டது, லாஜிஸ்டிக் ரிக்ரஷன் பொருந்தும். தரவு அதேதான், கேள்விதான் வேறு.

சரி, உங்கள் மாறிகளுக்கு வருவோம்.

பாலினம், பயிற்சி முறை இரண்டும் நாமினல். சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி: எண்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் பயிற்சிக்கு 3 என்றும் மூன்றாவதற்கு 1 என்றும் கொடுத்தால் ஏதாவது கெட்டுப்போகிறதா? இல்லை. அப்படியென்றால் அது பெயர்தான், எண் அல்ல. இரண்டு நாமினல் மாறிகளுக்கு இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க கார்ல் பியர்சன் 1900-இல் கொடுத்த கை-ஸ்கொயர் சோதனையே போதும். அதில் 'ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்து' என்று சொல்லப்படும் விதி, எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைப் பற்றியது. நீங்கள் கண்ட எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. ஒரு கட்டத்தில் 2 பேர்தான் இருக்கிறார்கள் என்பதற்காகப் பதற வேண்டாம். வரிசைக் கூட்டுத்தொகையையும் நெடுவரிசைக் கூட்டுத்தொகையையும் பெருக்கி மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். அதுவும் ஐந்துக்குக் கீழே போனால், சின்ன எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் ஃபிஷரின் எக்ஸாக்ட் டெஸ்ட் பக்கம் போகலாம்.

இதே எண் குறியீட்டில் மென்பொருள் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. பயிற்சி முறையை 1, 2, 3 என்று உள்ளிட்டுவிட்டு ரிக்ரஷன் ஓட்டினால், அது பெயர் என்று நீங்கள் சொல்லாத வரை மென்பொருள் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது பயிற்சியின் விளைவு இரண்டாவதைவிட எவ்வளவு அதிகமோ, இரண்டாவது முதலாவதைவிட அதே அளவு அதிகம் என்று ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. இதைப் பிடிக்க ஒரே இடம் இருக்கிறது: முடிவு அட்டவணையில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (df என்று சுருக்கமாக இருக்கும்) என்ன என்று பாருங்கள். மூன்று குழுக்கள் இருந்தால் அந்த மாறிக்கு 2 வர வேண்டும். 1 என்று இருந்தால் மென்பொருள் அதை எண்ணாக நினைத்துவிட்டது. ஆர் மென்பொருளில் என்றால் அந்த மாறியை ஃபேக்டர் என்று அறிவித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விளக்க மாறி மருந்தின் அளவு என்று வைத்துக்கொள்வோம்: 0, 5, 10, 20 மில்லிகிராம். இதை எண்ணாகவும் எடுக்கலாம், நான்கு குழுக்களாகவும் எடுக்கலாம், இரண்டும் சரி. எண்ணாக எடுத்தால் 'ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் எவ்வளவு மாறுகிறது' என்பது கேள்வி. குழுவாக எடுத்தால் 'எந்த அளவாவது மற்றதிலிருந்து வேறுபடுகிறதா' என்பது கேள்வி. முதலாவது, மாற்றம் ஏறக்குறைய நேர்கோட்டில் இருந்தால் கூர்மையானது. இரண்டாவது, மாற்றம் மேலே போய்க் கீழே இறங்கினாலும் கண்டுபிடிக்கும்.

அடுத்தது திருப்தி, 1 முதல் 5 வரை. சண்டை அதிகம் நடக்கும் இடம் இது. 'மிகவும் அதிருப்தி' என்பதற்கும் 'அதிருப்தி' என்பதற்கும் உள்ள தூரம், 'சுமார்' என்பதற்கும் 'திருப்தி' என்பதற்கும் உள்ள தூரத்துக்குச் சமமா? சமம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனவே ஒற்றைக் கேள்வியாக இருந்தால் இது ஆர்டினல்தான். ஆனால் லிக்கர்ட் அளவை என்று எல்லாரும் சொல்லும் பெயருக்குரிய ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் முன்வைத்தது ஒற்றைக் கேள்வியை அல்ல. ஒரே விஷயத்தைப் பற்றிய பல கேள்விகளின் மதிப்பெண்களைக் கூட்டி வருவதுதான் அவருடைய அளவை. பத்துக் கேள்விகளைக் கூட்டினால் 10 முதல் 50 வரை மதிப்புகள் வரும், பரவலும் ஓரளவு சீராக இருக்கும். அப்படிப்பட்ட கூட்டுத்தொகையை எண்ணாக எடுத்து டி-டெஸ்ட் செய்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. ஒற்றைக் கேள்வியை அப்படிச் செய்வதில் ஆட்சேபம் உண்டு.

ஏன் என்று இரண்டு குழுக்களை வைத்துப் பார்ப்போம். முதல் குழுவில் எல்லாரும் 3 என்று சொன்னார்கள். இரண்டாவது குழுவில் பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5. இரண்டுக்கும் சராசரி 3. டி-டெஸ்ட் வித்தியாசமே இல்லை என்று சொல்லும். ஆனால் ஒரு பயிற்சி யாரையும் அசைக்கவில்லை, இன்னொன்று ஆட்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. இதைவிடப் பெரிய வித்தியாசம் என்ன இருக்கிறது? இங்கே மதிப்புகளுக்குப் பதில் அவற்றின் தர வரிசையைப் பயன்படுத்தும் மான்-விட்னி சோதனையும் உதவாது, ஏனென்றால் அது ஒரு குழுவின் மதிப்புகள் பொதுவாக மற்றதைவிட மேலே இருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். வரிசையை மறந்துவிட்டு ஐந்து கட்டங்களையும் பெயர்களாக எடுக்கும் கை-ஸ்கொயர் இதைக் கண்டுகொள்ளும். அதனால் ஒற்றைக் கேள்விக்கு எந்தச் சோதனை செய்தாலும், முதலில் ஒவ்வொரு பதிலையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற அட்டவணையைப் போடுங்கள். சராசரி 3.4, திட்டவிலக்கம் 1.1 என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் திருப்தி மாறிக்கு மூன்று குழுக்கள், விளைவு ஆர்டினல், ஒவ்வொருவரும் ஒரு குழுவில் மட்டும். எனவே மான்-விட்னியைப் போலவே தர வரிசையை வைத்து மூன்று குழுக்களையும் ஒப்பிடும், 1952-இல் வந்த கிரஸ்கல்-வாலிஸ் சோதனை பொருந்தும். வயது, பாலினம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் ஆர்டினல் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் செய்யுங்கள். பலர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷன் புரிந்தவருக்கு அது ஒரு படி மேலே, அவ்வளவுதான்.

இங்கேயே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1, 2, 3 சொன்னவர்களை 'திருப்தி இல்லை' என்றும் 4, 5 சொன்னவர்களை 'திருப்தி' என்றும் இரண்டாக வெட்டிவிட்டு கை-ஸ்கொயர் செய்வது. வயதை 40-க்குக் கீழ், மேல் என்று பிரிப்பதும் இதே கதைதான். வேலை சுலபமாகிவிடுகிறது, ஆனால் தகவல் போய்விடுகிறது. இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) கொண்ட ஒரு மாறியை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் எஞ்சும் தகவல் ஏறக்குறைய 64 சதவீதம்தான். அதாவது மூன்றில் ஒருவரை ஆய்விலிருந்து வெளியே அனுப்பியதற்குச் சமம். பங்கேற்றவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதைத் தூக்கி எறிவது எனக்குச் சம்மதமில்லை. இதோடு ஒப்பிட்டால் தர வரிசைக்கு மாறுவது மிகச் சின்ன இழப்பு: தரவு உண்மையிலேயே இயல்நிலையில் பெரிய மாதிரியாக இருந்தாலும் டி-டெஸ்டுக்கு எதிரே மான்-விட்னியின் ஒப்பீட்டுத் திறன் 95 சதவீதத்துக்கு மேல்.

வலிமாத்திரைகளின் எண்ணிக்கை. பார்க்க ரேஷியோ போலத்தான் இருக்கும்: பூஜ்ஜியம் உண்மையானது, தூரம் சமம். ஆனால் இது எண்ணிக்கை. இரண்டரை என்ற மதிப்பு வராது, பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது, நிறையப் பேர் பூஜ்ஜியத்திலேயே குவிந்திருப்பார்கள், இரண்டு மூன்று பேர் மட்டும் நாற்பது ஐம்பது எடுத்திருப்பார்கள். எண்ணிக்கைக்கு என்றே பாய்சான் ரிக்ரஷன் இருக்கிறது. ஆனால் பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, திட்டவிலக்கத்தின் வர்க்கம்) சமம் என்ற நிபந்தனை உண்டு. ஒரு குழுவின் சராசரி 4, பரவற்படி 19 என்று வந்தால் நிபந்தனை உடைந்துவிட்டது. அப்படியே பாய்சானில் விட்டால் பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) உண்மையைவிடச் சின்னதாகக் காட்டும். மனிதர்களின் பழக்கங்களை எண்ணும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். அப்போது, பரவற்படி சராசரியைவிடப் பெரிதாக இருக்க இடம் கொடுக்கும் நெகடிவ் பைனாமியல் ரிக்ரஷனுக்கு மாறுங்கள். எல்லாரையும் எட்டு வாரம் முழுக்கக் கண்காணித்தீர்களா என்பதையும் பாருங்கள். ஒருவர் ஐந்து வாரத்தில் நின்றுவிட்டால் அவருடைய 10 மாத்திரையும் எட்டு வாரம் இருந்தவரின் 10 மாத்திரையும் ஒன்றல்ல. கண்காணித்த காலத்தை ஆஃப்செட் என்று மென்பொருளில் கொடுக்க இடமிருக்கிறது. எண்ணிக்கைகள் எல்லாமே நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டும் சாதாரண எண்ணாகவே எடுத்துக்கொள்ளலாம், பெரிய தவறு வராது.

சதவீதத்தையும் இங்கேயே சொல்கிறேன், உங்கள் கோப்பில் இல்லாவிட்டாலும் அடுத்த ஆய்வில் வரும். சதவீதம் என்று எழுதப்படுவதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. உடலில் கொழுப்பு 24 சதவீதம் என்பது அளந்து வந்த எண். பயிற்சி வகுப்புகளில் 70 சதவீதத்துக்கு வந்தார் என்பது 10-க்கு 7 என்று எண்ணி வந்தது. இரண்டாவதில் 10-க்கு 7-ம் 1000-க்கு 700-ம் ஒன்றல்ல, நம்பகத்தன்மை வேறு. அதனால் சதவீதமாக மாற்றிய எண்ணை மட்டும் கோப்பில் வைக்காதீர்கள், மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனியாக வையுங்கள்.

நேரமும் திசையும் வட்டமானவை. இரவு 11 மணிக்குத் தூங்குபவர், 1 மணிக்குத் தூங்குபவர் இருவரின் சராசரியை 23-ஐயும் 1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 12 வரும், அதாவது நண்பகல். இதற்குத் தனி முறைகள் இருக்கின்றன. அவ்வளவு தெரிந்தால் போதும்.

வேலைக்குத் திரும்ப ஆன நாட்கள். இதில்தான் அதிகக் கவனம் தேவை என்று நினைக்கிறேன். உங்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆய்வு முடியும்போது இன்னும் வேலைக்குத் திரும்பாதவர்கள் இருந்தார்களா? இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கோப்பில் என்ன எழுதினீர்கள்? காலியாக விட்டிருந்தால் அவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள். 56 என்று எழுதியிருந்தால் அவர்கள் 56-ஆவது நாளில் திரும்பியதாக ஆகிவிடும். இரண்டு வழியிலுமே மிக மோசமாக இருந்தவர்களின் காலம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படுகிறது. எந்தக் குழுவில் இப்படிப்பட்டவர்கள் அதிகமோ அந்தக் குழுவுக்கு அநியாயமாக நல்ல பெயர் கிடைக்கும். இந்த மாறியின் வகை 'நாட்கள்' அல்ல. 'இவ்வளவு நாள் வரை பார்த்தோம், அதற்குள் நடந்தது அல்லது நடக்கவில்லை' என்பது. அதற்குக் கோப்பில் இரண்டு நெடுவரிசைகள் வேண்டும்: ஒன்று எத்தனை நாள் பார்த்தோம், இன்னொன்று திரும்பினார் என்றால் 1, இல்லையென்றால் 0. அதன்பின், நாள் போகப்போக எத்தனை பங்கினர் இன்னும் திரும்பவில்லை என்று காட்டும், 1958-இல் வந்த கப்லான்-மேயர் வளைகோட்டை வரையலாம், குழுக்களை லாக்-ரேங்க் சோதனையால் ஒப்பிடலாம், மற்ற மாறிகளையும் சேர்க்க வேண்டுமென்றால் 1972-இல் டேவிட் காக்ஸ் கொடுத்த ரிக்ரஷனைப் பயன்படுத்தலாம். எல்லாரும் திரும்பிவிட்டார்கள், ஒருவர்கூட விட்டுப்போகவில்லை என்றால் மட்டும் அது சாதாரண எண் மாறி.

இனி வலி. வகையைப் பொறுத்தவரை 0 முதல் 10 வரை ஒருவர் தானே சொல்லும் எண். கண்டிப்பாகப் பேசினால் ஆர்டினல். ஆனால் பதினொரு படிகள் இருப்பதால், படிகளின் இரு முனையிலும் ஆட்கள் குவியாமல் இருந்தால், எண்ணாக எடுத்துக்கொள்வதை மருத்துவ ஆய்வுகளில் பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள். நானும் ஏற்கிறேன். ஆனால் அது ஓர் அனுமானம் என்று எழுதிவிடுங்கள். 9-லிருந்து 7-க்கு வந்தவரும் 3-லிருந்து 1-க்கு வந்தவரும் ஒரே அளவு தேறினார்கள் என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். ஒப்புக்கொள்ள மனமில்லையென்றால், முன், பின் அளவுகளைத் தர வரிசையால் ஒப்பிடும் வில்காக்சன் சைன்டு-ரேங்க் சோதனைக்கு ஓடுவதாலும் தப்பிக்க முடியாது. அது வித்தியாசங்களைத்தான் வரிசைப்படுத்துகிறது, வித்தியாசங்களை ஒப்பிட முடியாது என்றால் அந்த வரிசைக்கே அர்த்தமில்லை. அப்போது கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்க்கும் சைன் டெஸ்ட்தான் மிச்சம்.

வலியில் பெரிய விஷயம் வகை அல்ல. ஒரே ஆளிடம் இரண்டு முறை அளந்தது. கோப்பில் ஒவ்வொரு வரிசையும் யார் என்று கேளுங்கள். ஒரு வரிசை ஒரு மனிதரா, அல்லது ஒரே மனிதரின் இரண்டு அளவுகள் இரண்டு வரிசைகளில் இருக்கின்றனவா? ஒரே மனிதரின் இரண்டு அளவுகள், இரட்டையர்கள், ஒரே ஆளின் இரண்டு கண்கள், ஒரே வகுப்பின் மாணவர்கள் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை. இதை மறந்தால் மாறியின் வகையைச் சரியாகக் கண்டுபிடித்தும் பயனில்லை.

எவ்வளவு மாறும் என்று எண்களோடு பார்ப்போம். 60 பேரிடம் தூக்கம் கெடுகிறதா என்று சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டதாக வைத்துக்கொள்வோம். முன்பு 40 பேர் ஆம் என்றார்கள், பின்பு 28 பேர் ஆம் என்றார்கள். இதை வெவ்வேறு 60, 60 பேர் என்று நினைத்து கை-ஸ்கொயர் போட்டால் 4.89 வரும். ஐந்து சதவீத எல்லையான 3.84-ஐத் தாண்டிவிட்டது, பி-மதிப்பு சுமார் 0.03. ஆனால் உண்மையில் பதிலை மாற்றிக்கொண்டவர்கள் யார் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 13 பேர் ஆமிலிருந்து இல்லைக்கு வந்தார்கள், ஒருவர் மட்டும் இல்லையிலிருந்து ஆமுக்குப் போனார் என்றால், 40 என்பது 28 ஆகும். 30 பேர் இந்தப் பக்கம் வந்து 18 பேர் அந்தப் பக்கம் போயிருந்தாலும் 40 என்பது 28 தான் ஆகும். ஜோடித் தரவுக்கான மெக்நெமார் சோதனையில் இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்போம். முதல் நிலையில் 144-ஐ 14 ஆல் வகுத்தால் 10.29, மிக வலுவான சான்று. இரண்டாவது நிலையில் 144-ஐ 48 ஆல் வகுத்தால் 3.0, எல்லையைத் தாண்டவே இல்லை. கை-ஸ்கொயருக்கு இந்த இரண்டு நிலைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன.

அதனால் விளைவின் வகை எதுவாக இருந்தாலும் அதற்கு ஜோடி வடிவம் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். எண்ணுக்கு ஜோடி டி-டெஸ்ட், ஆம் இல்லைக்கு மெக்நெமார், மூன்று முறையோ அதற்கு மேலோ அளந்த ஆர்டினலுக்கு ஃப்ரீட்மன் சோதனை. மூன்று நான்கு முறை அளந்து, நடுவில் சிலர் வராமல் போயிருந்தால், ஒரே ஆளின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் கணக்கில் எடுக்கும் மிக்ஸ்டு மாடல் படியுங்கள். அது ஒருமுறை கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் சின்ன வடிவங்களாகத் தெரியும்.

'என் தரவு இயல்நிலையில் இல்லை, அதனால் ஆர்டினலாக எடுக்கலாமா' என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். பரவல் வேறு, வகை வேறு. வருமானம் ஒரு பக்கமாக நீண்டு கிடந்தாலும் அது ரேஷியோதான். மடக்கை எடுத்தால் சீராகிவிடலாம். மேலும் டி-டெஸ்டுக்கும் அனோவாவுக்கும் இயல்நிலை வேண்டும் என்பது முழு நெடுவரிசைக்கு அல்ல, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சராசரியிலிருந்து எஞ்சும் விலகலுக்கு. இரண்டு குழுக்களின் சராசரி வெகு தூரத்தில் இருந்தால் மொத்தப் படத்தில் இரண்டு மேடுகள் தெரியும். அது தப்பே இல்லை, நீங்கள் தேடிய வித்தியாசமே அதுதான். குழுக்களின் பரவற்படி சமமா என்ற கவலைக்கு, அது சமமாக இல்லாவிட்டாலும் செல்லும் வெல்ச் முறையிலான டி-டெஸ்டை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஆர் மென்பொருளில் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் ஓடும்.

கடைசியாக, வலியை மூன்று குழுக்களுக்கு இடையே ஒப்பிடுவது. உங்கள் ஆய்வின் முதன்மைக் கேள்வியே இதுதான். பலர் செய்வது என்னவென்றால், ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக ஜோடி டி-டெஸ்ட் செய்து, முதல் குழுவில் பி 0.03, இரண்டாவதில் 0.08, எனவே முதல் பயிற்சியே சிறந்தது என்று எழுதிவிடுவது. இது தவறு. இரண்டு பி-மதிப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு பயிற்சிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் அல்ல. இரண்டு குழுக்களிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தாலும்கூட இப்படி வரலாம். எல்லாக் குழுக்களையும் ஒன்றாக வைத்து நேருக்கு நேர் ஒப்பிடும் ஒரு மாடல் வேண்டும். எட்டாவது வார வலியை விளைவாக வையுங்கள். பயிற்சி முறையை மூன்று நிலை கொண்ட பெயர் மாறியாகவும், தொடக்க வலியை எண் மாறியாகவும் விளக்கப் பக்கத்தில் போடுங்கள். இதற்கு அன்கோவா என்று பெயர். யார் எந்தப் பயிற்சிக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் இதுவே நல்ல தேர்வு. தொடக்கத்தில் அதிக வலி சொன்னவர்கள் சிகிச்சை இல்லாமலேயே சற்றுக் கீழே வரும் போக்கையும் இது கணக்கில் எடுத்துக்கொள்ளும். பயிற்சி முறை வரிசையில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 2 என்றும் தொடக்க வலி வரிசையில் 1 என்றும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பி-மதிப்போடு நிறுத்தாமல் குழுக்களுக்கு இடையே வலி எத்தனை புள்ளி வேறுபடுகிறது என்பதையும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியையும் (உண்மையான வேறுபாடு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வீச்சு) எழுதுங்கள்.